காணிக்கைக்குக் கணக்குக் கேட்டால் கோராவின் கூட்டமா?

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. தென்மாவட்டத்தில் ஒரு சிறு நகரம். எந்த டயோசீசிலும் (பிஷப்பின் கீழுள்ள திருமண்டலம்) சேராத ஒரு சுயாதீன சபைக்குப் போகிறோம். எங்கள் பாஸ்டர் இந்த ஊருக்கு வரும்போது சைக்கிள்தான் வைத்திருந்தார். வாடகை வீட்டு மாடியில் ஜெபக்கூட்டம் தொடங்கினார். உண்மையாகவே உழைத்தார். சபைக்கு இடம் வாங்க எல்லாரும் கொடுத்தோம், என் அம்மா தன் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தார். இப்போதுதான் தெரிகிறது, அந்த இடம் பாஸ்டரம்மா பெயரில் இருக்கிறதாம். அடுத்து அவர் மகனைப் பாஸ்டராக அபிஷேகம் பண்ணப் போகிறார்கள். ஒரு கூட்டத்தில் நான் எழுந்து, “பத்திரம் யார் பெயரில் ஐயா இருக்கிறது?” என்று கேட்டேன். அடுத்த ஞாயிறு பிரசங்கம், மோசேக்கு எதிராகக் கலகம் செய்த கோராவைப் பற்றி. பூமி வாயைத் திறந்து விழுங்கியதைச் சொல்லிவிட்டு, “அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே” என்று முடித்தார். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். என் கணவர், “கொடுத்தது கர்த்தருக்கு, நமக்கெதற்கு வம்பு” என்கிறார். நான் செய்தது பாவமா? வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் கொடுப்பதை நிறுத்தலாமா? சபையை விட்டுப் போகவா, வழக்குப் போடவா?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

நான் ஆடிட்டர், போதகர் அல்ல. ஆனால் சபைகளின் கணக்குப் புத்தகங்களோடு பல வருடம் புழங்கியவன், வேதத்தையும் வாசிக்கிறவன். அந்த அளவில் என் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களைப் பயமுறுத்தியது கோரா. அதனால் அங்கிருந்தே வருகிறேன். எண்ணாகமம் 16-ஆம் அதிகாரத்தை இன்றிரவு முழுவதுமாக வாசியுங்கள். கோரா கணக்குக் கேட்டவன் இல்லை. அவனுக்கு வேண்டியிருந்தது ஆசாரியப் பட்டம். பத்தாம் வசனத்தில் மோசே அதை அவன் முகத்துக்கு நேரே சொல்கிறார். பதவிக்கு ஆசைப்பட்டவனின் கதையைப் பத்திரம் பற்றிக் கேட்டவருக்கு எதிராகப் பிரசங்கிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதே அதிகாரத்தின் 15-ஆம் வசனத்தை உங்கள் பாஸ்டர் வாசித்தாரா? பெரும்பாலும் வாசித்திருக்க மாட்டார். எதிரிகள் சூழ்ந்து நிற்கும்போது மோசே தேவனிடம் வைக்கும் முதல் வாதம், நான் இவர்களுடைய ஒரு கழுதையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான். அதிகாரம் கேள்விக்கு உள்ளானதும் அவர் பேசுவது தன் அபிஷேகத்தைப் பற்றி அல்ல, தன் கையிருப்பைப் பற்றி. சாமுவேலும் இப்படித்தான். வயதாகி விலகும் நாளில் ஜனங்களைக் கூட்டி நிறுத்தி, நான் யாருடைய எருதை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன், யார் கையில் பரிதானம் (லஞ்சம்) வாங்கினேன் என்று தானே கேட்கிறார் (1 சாமுவேல் 12). ஒருவரும் கேட்காமலே, ராஜாவின் முன்னால், சாட்சி வைத்துக் கேட்கிறார். எபேசு சபையின் மூப்பர்களிடம் விடைபெறும் பவுலும் ஒருவனுடைய வெள்ளியையோ பொன்னையோ வஸ்திரத்தையோ இச்சிக்கவில்லை என்கிறார் (அப்போஸ்தலர் 20:33).

மோசே வாயால் சொன்னதோடு நிறுத்தவும் இல்லை. யாத்திராகமம் 38-ஆம் அதிகாரத்தின் பின்பாதியைப் பிரசங்கத்துக்கு எடுத்தவர்களை நான் பார்த்ததில்லை. சலிப்பான பகுதி என்று தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கோ அது வேதத்திலேயே மிகப் பிடித்த பக்கங்களில் ஒன்று. வனாந்தரத்தில் ஆராதனைக்காகச் செய்த ஆசரிப்புக் கூடாரத்துக்கு ஜனங்கள் கொடுத்ததற்கு மோசேயின் கட்டளைப்படி எழுதப்பட்ட வரவு செலவு அது. தாலந்தும் சேக்கலும் அன்றைய எடை அளவுகள். பொன் 29 தாலந்து 730 சேக்கல். வெள்ளி 100 தாலந்து 1,775 சேக்கல். வெண்கலம் 70 தாலந்து 2,400 சேக்கல். நூறு தாலந்து வெள்ளி பாதங்களை வார்ப்பிக்கப் போனது. மீதி 1,775 சேக்கல் என்ன ஆயிற்று? தூண்களின் கொக்கிக்கும் பூணுக்கும் தகட்டுக்கும் போனது என்று அதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். சில்லறைக்கும் கணக்கு. மேகஸ்தம்பம் முன்னே நடந்த காலத்தில், தேவனோடு முகமுகமாய்ப் பேசிய மனிதர், கொக்கிக்குக் கணக்குக் கொடுத்தார்.

அதனால் உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: நீங்கள் செய்தது பாவம் இல்லை.

‘அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே’ என்பது சங்கீதம் 105:15. வசனத்தின் முன்பின்னைப் பார்த்தால், சொல்லப்படுவது ராஜாக்களுக்கு. காக்கப்படுகிறவர்கள் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்ற நாடோடிக் குடும்பம். பலமுள்ளவர்களிடமிருந்து பலமற்றவர்களைக் காக்கச் சொன்ன வார்த்தை அது. தன்னைக் கொல்லத் தேடிய ராஜா சவுலைத் தாவீது கொல்லவில்லை என்பதையும் சொல்வார்கள். உண்மைதான், கொல்லவில்லை. ஆனால் குகையிலிருந்து வெளியே வந்து, சவுலின் வஸ்திரத்திலிருந்து அறுத்த தொங்கலைக் கையில் பிடித்துக்கொண்டு, ஊரறிய சவுலிடம் நியாயம் கேட்டான். பிறகு அதே தாவீது ராஜாவாகித் தவறியபோது, “நீயே அந்த மனுஷன்” என்று தீர்க்கதரிசி நாத்தான் சொன்னார். பேதுருவை அந்தியோகியாவில் பவுல் முகமுகமாய் எதிர்த்தார். புதிய ஏற்பாட்டில் மூப்பனுக்கு இருக்கும் பாதுகாப்பு 1 தீமோத்தேயு 5:19: இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் அவன்மேல் குற்றச்சாட்டை ஏற்காதே. நல்ல பாதுகாப்பு, தேவையான பாதுகாப்பு. ஆனால் சாட்சிகள் வந்தால் விசாரிக்க வேண்டும் என்றுதானே அதற்கு அர்த்தம்? அடுத்த வசனமே, பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்கிறது.

இனி உங்கள் பாஸ்டர் பக்கத்து நியாயத்தையும் பேச வேண்டும். உங்களுக்கு இது கசக்கலாம்.

அவர் சுயநலக்காரரா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்விதான் இருக்கிறது. எனக்குத் தெரியாது. மனதைத் தணிக்கை செய்ய எந்த ஆடிட்டராலும் முடியாது. சிறிய சபைகள் இடம் வாங்கும்போது பல இடங்களில் நடப்பதைச் சொல்கிறேன். சபை என்று ஒன்று எழுத்தில் பதிவாகியிருக்காது. டிரஸ்டும் இருக்காது, சங்கமும் இருக்காது. சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்குபவர் யார் என்று கேட்டால் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். இடத்துக்காரர் அவசரப்படுத்துவார், விசுவாசிகளில் யாரும் முன்வர மாட்டார்கள், பாஸ்டரோ அவர் மனைவியோ போடுவார்கள். திருட்டு எண்ணம் இல்லாமலே இது நடக்கும். ஆகவே அன்றைக்கு யார் பெயரில் வாங்கினார்கள் என்பதைவிட, அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் சபையின் பெயருக்கு மாற்ற ஒரு அடியாவது எடுத்து வைத்தார்களா என்பதையே நான் பார்ப்பேன்.

இன்னொன்று. ஊழியக்காரர் கூலிக்குப் பாத்திரர். போரடிக்கிற மாட்டை வாய் கட்டாதே என்று பவுல் எழுதியது பாஸ்டர்களுக்குச் சம்பளம் கொடுக்க மனமில்லாத சபைகளுக்குத்தான். மழைக்காலத்தில் காணிக்கைப் பையில் பஸ் செலவுக்குக்கூடத் தேறாமல் திரும்பும் கிராமத்து ஊழியர்கள் எத்தனையோ பேர். அவர்களையும் கார் மாற்றுகிறவர்களையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது அநியாயம். உங்கள் சபை அவருக்கு மாதம் இவ்வளவு என்று எப்போதாவது தீர்மானம் போட்டதுண்டா? இல்லையென்றால் தவறு அவருடையது மட்டும் இல்லை. சம்பளம் நிர்ணயிக்காத இடத்தில் எது அவருடையது, எது சபையுடையது என்ற கோடே இருக்காது. கோடு இல்லாத இடத்தில் நல்ல மனிதரும் மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்துவிடுவார். அமெரிக்க சுவிசேஷகர் பில்லி கிரஹாமும் அவருடைய தோழர்களும் 1948-ல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ என்ற ஊரில் உட்கார்ந்து, சுவிசேஷகர்கள் எதில் விழுகிறார்கள் என்று பேசியபோது பணத்தையும் அதில் சேர்த்தார்கள். பிறகு கிரஹாம், கூட்டங்களில் பிரசங்கிக்கென்று எடுக்கும் அன்பின் காணிக்கை வாங்குவதை விட்டுவிட்டு, குழு தீர்மானிக்கும் மாதச் சம்பளத்துக்கு மாறினார். தன் மனதை அவர் அவ்வளவாக நம்பவில்லை, அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது.

ஜார்ஜ் முல்லரைப் பற்றி எல்லாப் பாஸ்டர்களும் பேசுவார்கள். யாரிடமும் கேட்காமல், ஜெபத்தால் மட்டும் பிரிஸ்டலில் ஆயிரக்கணக்கான அநாதைகளைப் போஷித்தார் என்பார்கள். அவர் வருடாவருடம் வரவு செலவு அறிக்கையை அச்சிட்டு வெளியிட்டார் என்பதை ஏனோ விட்டுவிடுவார்கள்.

சரி, தசமபாகம். தசமபாகங்களைப் பண்டசாலைக்குக் கொண்டுவாருங்கள் என்ற மல்கியா 3:10 உங்கள் சபையில் எத்தனை தடவை வாசிக்கப்பட்டிருக்கும் என்று நான் கேட்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் பண்டசாலைக்கு என்ன நடந்தது என்று நெகேமியா 13-ல் இருக்கிறது. மல்கியாவின் காலமும் ஏறத்தாழ அதுதான் என்பது வேத அறிஞர் பலரின் கருத்து. ஆசாரியன் எலியாசிப், தசமபாகம் வைக்கும் பெரிய அறையைத் தன் சம்பந்தக்காரன் தொபியாவுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டான். ஆலய ஊழியம் செய்த லேவியருக்குப் பங்கு கிடைக்கவில்லை, அவர்கள் தங்கள் வயல்களுக்குப் போய்விட்டார்கள். ஆளுநர் நெகேமியா எருசலேமுக்குத் திரும்பி வந்து தொபியாவின் தட்டுமுட்டுகளை வெளியே எறிந்தார். பிறகு ஜனங்களைத் தசமபாகம் கொண்டுவரச் சொன்னதோடு விடாமல், பண்டசாலைக்கு நான்கு பேரை வைத்தார்: ஒரு ஆசாரியன், ஒரு வேதபாரகன், ஒரு லேவியன், துணைக்கு இன்னொருவன். காரணமும் எழுதியிருக்கிறது, அவர்கள் உண்மையுள்ளவர்களென்று எண்ணப்பட்டார்கள். பண்டசாலைக்குக் கொண்டுவா என்று பிரசங்கிக்கிறவர், அந்த நாலு பேர் யார் என்பதையும் சொல்ல வேண்டும்.

2 இராஜாக்கள் 12 இதைவிட அழகு. யோவாஸ் ராஜாவின் 23-ஆம் வருடம் வரைக்கும் ஆசாரியர்கள் பணத்தை வாங்கிக்கொண்டே இருந்தார்கள், ஆலயத்தின் பழுதோ அப்படியே கிடந்தது. ராஜா அவர்கள் கையில் பணம் போவதை நிறுத்தினார். ஆசாரியன் யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரமிட்டுப் பலிபீடத்தண்டை வைத்தான். பெட்டி நிறைந்தால் ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தரும்) பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து எண்ணினார்கள். ஒருவர் மட்டும் எண்ணக்கூடாது என்பது இன்றைக்கும் எங்கள் தொழிலில் முதல் பாடம். அதே அதிகாரத்தில் 15-ஆம் வசனத்தை உங்களிடம் காட்டக்கூடும்: அவர்கள் உண்மையாய் நடந்தபடியால் கணக்குக் கேட்கவில்லை என்று அங்கே இருக்கிறது. ஆனால் அது வேலைக்காரர்களுக்குக் கூலி கொடுத்த மேற்பார்வையாளர்களைப் பற்றியது. ஆசாரியர்களுக்கு அந்தச் சலுகை தரப்படவில்லை.

நீங்கள் கொடுப்பதை நிறுத்த வேண்டாம் என்பது என் எண்ணம். ரசீது இல்லாமல் கொடுப்பதை நிறுத்துங்கள். பிரசங்க மேடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஒருமுறை ஸ்கேன் செய்து பாருங்கள். சபையின் பெயர் வருகிறதா, தனிமனிதர் பெயர் வருகிறதா என்று உங்கள் போனே சொல்லிவிடும். தனிப்பெயர் என்றால், அதில் நீங்கள் போடுவது அவருக்கான அன்பளிப்பு. பாஸ்டர் குடும்பத்துக்குக் கொடுக்க மனமிருந்தால் அப்படியே தெரிந்து கொடுங்கள், சபைக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மீதியை உபாகமம் 14:29 சொல்கிறபடி விதவைக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் நீங்களே சேர்த்துவிடலாம். தசமபாகத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்று அந்த வசனம் நேராகவே சொல்கிறது.

இப்போது பத்திரம். யாரோ சொன்னார்கள் என்று நிற்காதீர்கள். பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணை வைத்து வில்லங்கச் சான்று எடுங்கள். கிரயப் பத்திரத்தின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்து வாங்கலாம். சொத்துப் பத்திரங்களின் பதிவுப் புத்தகம் யாரும் பார்க்கக் கூடியது, அதற்குப் பாஸ்டரின் அனுமதி தேவையில்லை. ‘டிரஸ்ட் பெயரில்தான் இருக்கிறது’ என்று பதில் வந்தால் அத்தோடு திருப்தி அடையாமல், டிரஸ்டிகள் யார் என்று கேளுங்கள். அப்பா, அம்மா, மகன், மருமகள் என்றிருந்தால் அது பெயரளவுக்கு டிரஸ்ட், மற்றபடி குடும்பச் சொத்து. வருமான வரிவிலக்குப் பதிவு பெற்ற டிரஸ்ட் என்றால் இன்னும் கண்டிப்பு உண்டு: வருமானம் வரம்பைத் தாண்டினால் தணிக்கை கட்டாயம், டிரஸ்டின் பணமோ சொத்தோ நிறுவியவருக்கும் அவர் உறவினருக்கும் ஆதாயமாகப் போனால் வரிவிலக்கே ஆட்டம் காணும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ்ப் பதிவான சங்கம் என்றால் ஆண்டுப் பொதுக்குழு கூட்டிக் கணக்கை வைத்தாக வேண்டும்.

தாளெல்லாம் கைக்கு வந்த பிறகு, தனியாகப் போகாதீர்கள். சபையில் மூத்தவர்கள் இரண்டு மூன்று பேரோடு, அவர் வீட்டுக்கு, முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். முதலில் கூட்டத்தில் எழுந்து கேட்டது பாவமில்லை என்றேன், ஆனால் நல்ல வழியும் இல்லை. இரண்டு மூன்று பேரோடு போய்ப் பேசிய பிறகுதான் மத்தேயு 18-ன் வரிசையில் சபைக்குச் சொல்வது வருகிறது. வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூடப் போட வேண்டாம். பேச்சு இப்படி இருக்கட்டும்: “ஐயா, நீங்கள் கையெழுத்துப் போட்டதால்தான் அன்றைக்கு இந்த இடம் நமக்குக் கிடைத்தது. இப்போது இதைச் சபையின் பெயருக்கு மாற்றிவிடலாம். முத்திரைத்தாள் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். குடும்பத்தில் இல்லாத நாலு பேரும் டிரஸ்டிகளாக இருக்கட்டும். உங்களுக்கு மாதச் சம்பளமும் ஓய்வுக் காலத்துக்கு ஒரு ஏற்பாடும் சபை எழுதித் தரும்.” கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பல ஊழியர்கள் பத்திரத்தை இறுக்கிப் பிடிப்பதற்குப் பின்னால் பேராசையைவிட வயோதிகப் பயம் இருக்கிறது. வாடகை வீட்டில் சாவோமோ என்ற பயம். அது நியாயமான பயம், அதற்குச் சபை பதில் சொல்லியாக வேண்டும்.

இந்தப் பேச்சுக்கு அவர் என்ன செய்கிறார் என்பதில் உங்களுக்கு வேண்டியது தெரிந்துவிடும். கொஞ்சம் அவகாசம் கேட்டு நாள் குறித்தால் காத்திருங்கள். கோபப்பட்டாலும் காத்திருங்கள், மனிதர்தானே. சாபம் சொன்னால் நீதிமொழிகள் 26:2-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்: காரணமில்லாமல் இட்ட சாபம் தங்காது. குருவி பறந்து போவதுபோல் போய்விடுமாம்.

சுயநலம் எப்போதும் திருட்டு வேஷத்தில் வராது. சிங்கப்பூரில் சிட்டி ஹார்வெஸ்ட் சபையின் தலைவர்கள் ஆறு பேர், ஏறத்தாழ 5 கோடி சிங்கப்பூர் டாலர் சபைப் பணத்தை முறைகேடாகக் கையாண்டதாக 2015-ல் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டார்கள். ஸ்தாபகப் போதகரின் மனைவியைப் பாப் பாடகியாக்க முயன்ற செலவில்தான் இது தொடங்கியது. பாட்டின் மூலம் ஆத்தும ஆதாயம் என்று அதற்குப் பெயர். பணத்தைத் தங்கள் பைக்குள் போட்டுக்கொண்டார்கள் என்பதல்ல அங்கே வழக்கு. இதே விஷயத்தை 2003-லேயே ஒரு விசுவாசி வெளிப்படையாகக் கேட்டார். கடைசியில் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து மன்னிப்புக் கேட்டதும் அவர்தான். தென்கொரியாவில், உலகத்திலேயே பெரிய சபை என்று நம் ஊர் மேடைகளில் புகழப்பட்ட யொய்டோ சபையின் ஸ்தாபகர் டேவிட் யாங்கி சோ, மகன் வைத்திருந்த பங்குகளைச் சபைப் பணத்தில் அதிக விலைக்கு வாங்க வைத்த வழக்கில் 2014-ல் தண்டிக்கப்பட்டார். ஒன்றில் மனைவி, இன்னொன்றில் மகன். வீட்டுப் பாசம் ஊழியத்தின் பெயரில் வரும்போது நமக்கே கண் தெரியாமல் போகிறது.

மகனை அபிஷேகம் பண்ணுவது பற்றி என் கருத்து கொஞ்சம் கடினமானது. ஆரோனுக்குப் பின் எலெயாசார் வந்தான் என்பார்கள். அது நியாயப்பிரமாணத்தின் ஆசாரியத்துவம், நம் சபைகளில் அது இல்லை. மோசேக்கும் கெர்சோம், எலியேசர் என்று இரண்டு மகன்கள் இருந்தார்கள், அவருக்குப் பின் தலைவராக வந்தது யோசுவா. ஆசாரியன் ஏலியின் மகன்கள், வேலைக்காரனை விட்டு முக்கூருள்ள ஆயுதத்தைக் கொப்பரையில் குத்தவைத்துக் காணிக்கை இறைச்சியை எடுத்தவர்கள். அத்தனை நேர்மையான சாமுவேலின் மகன்களும் பரிதானம் வாங்கினார்கள். பையனுக்கு அழைப்பு இருந்தால் வேறு ஊரில், வேறு மூப்பர் கீழ் சில வருடம் ஊழியம் செய்யட்டும், பிறகு சபை தீர்மானிக்கட்டும் என்று கேளுங்கள். பத்திரம் மாறுவதற்கு முன் இந்த அபிஷேகம் நடக்கக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக நில்லுங்கள், ஏனென்றால் பிறகு பட்டமும் சொத்தும் சேர்ந்தே கைமாறும்.

சபையை மாற்றுவது கடைசியில். பெரிய டினாமினேஷனுக்கு (சபைப் பிரிவுக்கு) போனால் இந்தத் தொல்லை இருக்காது என்று நினைக்காதீர்கள். அங்கே ரசீது உண்டு, கமிட்டி உண்டு, தணிக்கை உண்டு. கமிட்டித் தேர்தலில் நிற்கிறவர்கள் செய்யும் செலவையும் பார்த்திருக்கிறேன்.

வழக்கு பற்றி. 1 கொரிந்தியர் 6-ஐக் காட்டி, அவிசுவாசிகள் முன் வழக்காடுவதா என்பார்கள். அதே இடத்தில் பவுல், உங்களுக்குள் நியாயம் தீர்க்க விவேகி ஒருவனாகிலும் இல்லையா என்று கேட்கிறார். ஆகவே முதலில் அந்த விவேகியைத் தேடுங்கள், இரு தரப்பும் மதிக்கும் வெளியூர்ப் போதகர் ஒருவர் போதும். அவரையும் உங்கள் பாஸ்டர் மறுத்துவிட்டால், இராயனுக்கு அபயமிட்டவரும், அதாவது ரோமப் பேரரசரிடம் முறையிட்டவரும் இதே பவுல்தான் என்பது நினைவிருக்கட்டும். சட்டத்தில் வழி இருக்கிறது. இந்து சமய அறநிலையத் துறைச் சட்டம் தேவாலயங்களுக்குப் பொருந்தாது, ஆனால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவு எல்லா மதத்துப் பொது அறக்கட்டளைகளுக்கும் உண்டு. அக்கறையுள்ள இரண்டு பேர் நீதிமன்றத்தின் அனுமதி பெற்று, கணக்குக் கேட்கவும் டிரஸ்டியை நீக்கவும் வழக்குத் தொடரலாம். எழுத்தில் டிரஸ்ட் பத்திரமே இல்லாவிட்டாலும், பொதுக் காரியத்துக்கென்று ஜனங்கள் கொடுத்த பணத்தில் வாங்கியது என்று நிரூபிக்க முடிந்தால் வாதாட இடமுண்டு. நிரூபணம்தான் கஷ்டம். போலீஸ் புகாரை வக்கீல் சொன்னால் ஒழியத் தொடாதீர்கள். அது போன பிறகு பேச்சுக்கு இடமே இருக்காது.

நிரூபணம் கஷ்டம் என்றேன், அதனால் இன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதில் உங்கள் கணவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வம்பு வேண்டாம் என்கிறவர்கள் பழைய தாள்களைத் தேட மறுக்க மாட்டார்கள். இடம் வாங்கிய வருடத்து வாக்குறுதிக் காணிக்கை அட்டைகள், பிரதிஷ்டை ஆராதனையின் அழைப்பிதழ், ‘சபைக்கு இடம் வாங்க’ என்று அச்சடித்த துண்டுப் பிரசுரம், வளையல் விற்ற கடையின் பில், பேங்க் பாஸ்புக்கில் அந்த மாதத்துப் பக்கம். இவற்றைத் தேதி வாரியாக அடுக்கி நகல் எடுங்கள். உங்களோடு அன்றைக்குக் கொடுத்தவர்களில் உயிரோடிருக்கும் பெரியவர்கள் யார் யார், ஞாபகம் தெளிவாக இருப்பது யாருக்கு என்று ஒரு பட்டியலும் எழுதுங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக் கையெழுத்து வாங்குவதற்கு இந்த கிறிஸ்துமஸ் வரை காத்திருக்க வேண்டாம்.